போயாவன்று இரவு ஏழு மணிக்கு ஒரு பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கேட்கப்போவது பெரிய விஷயம் இல்லை, ஒரே ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமி லீவான போயா நாட்களிலும் முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு இரவு ஏழு மணிக்கு வெளிக்கிடுகிற ஒரு பஸ். இதற்கெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதா என்று என் கணவரே சிரித்தார். எழுதாமல் இருந்து மட்டும் என்ன கிடைத்தது என்று கேட்டேன், பேசாமல் போய்விட்டார்.

நாங்கள் மல்லாவிப் பக்கத்துச் சனம். வயலும் கொஞ்சம் தோட்டமும் நாலு மாடும்தான் சீவியம். வீட்டில் ஐந்து பேர், நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள். மல்லாவி முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது, அரசாங்கக் கச்சேரி அலுவல் என்றால் அங்கேதான் ஓட வேண்டும், ஆனாலும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் போன வருடம் வரைக்கும் முல்லைத்தீவுக் கடலைக் கண்டதில்லை. மூத்தவளுக்கு ஒன்பது வயது. மாரியில் வவுனிக்குளம் நிரம்பி வான் பாயும்போது குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "கடல் இதைவிடப் பெரிசோ அம்மா?" என்று கேட்டவள் அவள்தான்.

கடல் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே வெள்ளாங்குளம், தேவன்பிட்டிப் பக்கம் எங்களுக்குக் கிட்ட இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த கடல், அலை பெரிதாக அடிக்காது. பிள்ளைகள் கேட்டது அலை. அலைக்குக் கிழக்கே போனால்தான் உண்டு.

ஆகவே போன வருடம் ஆவணியில், போயா லீவு நாளில் வெளிக்கிட்டோம். அம்மா விடிய நாலு மணிக்கே எழும்பிப் புட்டு அவித்தார், மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் கட்டினார். பௌர்ணமி என்பதால் மச்சம் கூடாது என்றுவிட்டார். அன்றைக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து மரக்கறிச் சோறு சாப்பிட்ட குடும்பம் அநேகமாக நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

காலையில் மல்லாவியில் பஸ் எடுத்து மாங்குளச் சந்தியில் இறங்கினோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் லீவு நாளில் ஓடுகிற பஸ் குறைவு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சந்தியில் நின்றோம். வந்த பஸ்ஸில் இடமில்லை, ஒட்டுசுட்டான் மட்டும் நின்றுகொண்டுதான் போனோம். கணவர் கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகளுக்குக் கற்சிலைமடுக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 இல் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்ததும், அந்த வருடமே கற்சிலைமடுவில் தோற்றதும். "அவன் எந்த பஸ்ஸில போனவன்?" என்று சின்னவன் கேட்க, பக்கத்து சீற்றில் இருந்த ஒரு ஐயா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

கரைக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. முல்லைத்தீவுக் கரையில் உச்சி வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணலில் கால் வைக்க முடியவில்லை. கரையில் ஏற்றியிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் ஐந்து பேரும் ஒடுங்கிக்கொண்டு இருந்தோம், நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பிள்ளைகள் இரண்டு தரம் ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டுச் சுடுகிறது சுடுகிறது என்று திரும்பி ஓடிவந்தார்கள். இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று எனக்கே வந்துவிட்டது.

மூன்றரைக்குப் பிறகு எல்லாம் மாறியது. அது கிழக்குக் கரை, வெயில் முதுகுப் பக்கமாக இறங்க மணல் ஆறத் தொடங்கும், காற்றும் வேறு மாதிரி வரும். எங்கிருந்தோ சனம் வந்தது, கச்சான் விற்கிறவர் வந்தார், கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுக்கத் தொடங்கினார்கள். சின்னவன் போய்க் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான், இழுக்கிற அண்ணாமாரும் அவனைத் துரத்தவில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லையே அவர் விரும்ப மாட்டார். 2004 மார்கழி 26 இல் போனவர்கள் ஒரு பக்கம். 2009 இல் அந்தக் கரையோரமாக நாங்கள் எப்படி நின்றோம், யார் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது இன்னொரு பக்கம். அதை இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை, வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு என்னைவிடக் கூடத் தெரியும். பேரப்பிள்ளைகளைத் தனியே விட மனமில்லாமல்தான் அன்றைக்கு அவர் வந்தார். வந்தும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடிதான் மத்தியானம் முழுக்க இருந்தார். நாலு மணிபோலத் தானாக எழும்பினார், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மெல்லப் போய் ஈர மணலில் நின்றார். ஒரு அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. மூத்தவள் ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்தாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் பஸ் ஸ்ராண்டுக்கு விசாரிக்கப் போன கணவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். மாங்குளம் போகிற கடைசி பஸ் நிற்கிறதாம், பத்து நிமிடத்தில் எடுக்கப்போகிறார்களாம். கடற்கரையிலிருந்து பஸ் ஸ்ராண்ட் நடக்கிற தூரம்தான், அதையும் ஓடினோம். காலில் மணலோடு, ஈர உடுப்போடு, ஒரு செருப்பைக் கரையில் விட்டுவிட்டு. "கொஞ்சம் பிந்தி ஏதும் இல்லையா தம்பி?" என்று கொண்டக்டரிடம் கேட்டேன். "ஏறுறதெண்டா ஏறுங்கோ அக்கா, இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடு போக வேண்டுமே.

மாங்குளத்தில் இறங்க மல்லாவிக்கு பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் கேட்ட காசு, காலையில் ஐந்து பேரும் முல்லைத்தீவு மட்டும் போன முழு பஸ் காசையும் தாண்டியது. கணவர் பேரம் பேசிக்கொண்டு நிற்க, காட்டுக்கு மேலாக நிலவு முழுசாக எழும்பியது. மூத்தவள் அதைப் பார்த்துவிட்டு, "இது இப்பதான் கடலுக்குள்ள இருந்து வந்திருக்கும், என்னம்மா?" என்றாள்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். யோசித்துப் பாருங்கள். போயாவன்று சூரியன் இறங்குகிற நேரத்தை ஒட்டித்தான் நிலவு எழும்பும். கிழக்குக் கரையில் நிற்கிறவனுக்கு ஒன்று பின்னால் பனைகளுக்குள் இறங்கும், மற்றது முன்னால் கடலுக்குள் இருந்து வரும், ஆவணி மாதத்தில் ஆறரை மணியை ஒட்டி. நாடு முழுக்க லீவு விட்டிருக்கிற நாளில், ஒரு சதம் செலவில்லாமல், எங்கள் மாவட்டத்துக் கரையிலேயே நடக்கிற காட்சி இது. சொந்த வாகனம் உள்ளவன் பார்ப்பான். பஸ்ஸில் வந்தவன் அந்த நேரம் மாங்குளத்தில் ஓட்டோவுக்குப் பேரம் பேசுவான்.

பஸ் நேரங்களைப் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களை நினைத்துப் போட்ட நேரம் அது. காலையில் கொண்டுபோய், பின்னேரம் வேளைக்கே கொண்டுவந்துவிட வேண்டும். வேலை நாளுக்கு அது சரி. லீவு நாளில் அதே அட்டவணையில் நாலைந்து ஓட்டத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை ஓடவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பிழை. லீவு நாளில் சனம் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் வேறு.

இரவில் அந்த ரோட்டில் பஸ் ஓட்ட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு விடிய விடிய பஸ் ஓடுகிறதே. சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளையில் அந்தக் கடல் நீரிலேயே விளக்கு எரிகிற அந்த நாட்களில் எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்து போகிறது. அன்றைக்கு ரோட்டும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது, சாரதியும் இருக்கிறார். வருடத்தில் ஒரு தரம் அத்தனை பஸ் ஓடுகிற பாதையில், கிழமைக்கு ஒரு தரம் ஒரு பஸ் ஓட முடியாதா?

ஆள் வராது, டீசல் காசுக்கும் காணாது என்பார்கள். இல்லாத பஸ்ஸுக்கு ஆள் எப்படி வரும்? கடற்கரைக்கு வருகிற குடும்பங்களை விட்டுவிடுங்கள். மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் பின்னேரம் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், லீவு நாளிலும் கடையில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது அந்த நேரத்தில் இவர்களெல்லாம் எப்படிப் போகிறார்கள் என்று ஒருநாள் முள்ளியவளைச் சந்தியில் நின்று பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் ஒன்று, முன்னால் தாங்கியில் ஒன்று. இருட்டினால் ரோட்டில் மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. (எங்கள் மாடுகளை நாங்கள் இரவில் கட்டித்தான் வைக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

வருடம் முழுக்கவும் நான் கேட்கவில்லை. ஐப்பசி தொடங்கினால் வாடைக்காற்று, அந்தக் கடல் மூசும், பிள்ளைகளோடு போகிற காலம் இல்லை அது. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்கும், சோளகம் வீசி அந்தக் கரை அமைதியாக இருக்கிற ஆறு மாதத்துக்கு ஓடவிட்டுப் பாருங்கள். அரச பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ, யார் ஓடினாலும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டு பகுதியும் எனக்கு உனக்கு என்று பிடுங்குப்படாமல் கிழமைக்குக் கிழமை மாறி மாறி எடுக்கலாம். அந்த பஸ் மாங்குளத்தோடு நிற்காமல் மல்லாவி மட்டும் வந்தால் புண்ணியம், வராவிட்டால் மல்லாவி பஸ் ஒன்று சந்தியில் காத்து நிற்கட்டும். மாங்குளத்தில் ரயிலும் நிற்கிறது. மன்னார்ப் பக்கத்தில் 2015 இல் தலைமன்னார் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபிறகு அங்கே கடலடி வரைக்கும் ரயிலிலேயே போய்விடலாம். எங்கள் பக்கத்துக் கடலுக்கு ரயில் பாதை இல்லை, இனிப் போடுவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அதனால்தான் பஸ் கேட்கிறேன்.

இன்னொன்று. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகை அடித்து பஸ் ஸ்ராண்டில் மாட்டிவிட்டால், கரையில் இருக்கிறவர் நிம்மதியாக இருப்பார். நிழல், மலசலகூடம், பெண்கள் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு, இதைப் பற்றியெல்லாம் எழுதத் தொடங்கினால் உங்கள் பக்கம் காணாது, அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

வரும் சித்திரையில் இன்னொரு தரம் போவதென்று வீட்டில் பேச்சு அடிபடுகிறது. அம்மா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ போயா வேண்டாம், மீன் தின்னக்கூடிய நாளாகப் பார் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குச் சரியாம். திரும்பி வர ஏழு மணிக்கு பஸ் இருந்தால் எனக்கும் சரி.

மல்லாவியிலிருந்து,
ஒரு தாய்