26 ஆல் வகுத்த கணக்கு: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு என்றதும் ஆளைக் கொல்லும் ரோபோவைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் கேரளத்து ‘பாண்டிகூட்’ ரோபோ எல்லா ஊருக்கும் வந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். என் கவலை கையும் காலும் இல்லாத மென்பொருளைப் பற்றியது. உதவித்தொகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறதே, அது.

ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை வாங்குவோர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சரிபார்க்க 2016இல் ஒரு தானியங்கி முறை முழுவீச்சில் வந்தது. வரித்துறையிடம் ஆண்டு வருமானத்தை வாங்கி, ஆண்டில் 26 இருவாரம் என்று 26 ஆல் வகுத்தது, அவ்வளவுதான். நம் ஊர்க் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் வேலை, ஐப்பசி மழையில் வீட்டில் முடக்கம். முடங்கிய நாளில் உதவி வாங்கியிருப்பார். இயந்திரமோ அந்த நாளிலும் கூலி வந்ததாக எழுதிக்கொண்டு, ‘கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு’ என்று கடிதம் போடும். இல்லை என்று காட்டப் பழைய சம்பளச் சீட்டைத் தேடி அலைவது அவர் பாடு. இப்படி 4 லட்சம் பேருக்கு மேல் இல்லாத கடன் சுமத்தப்பட்டது. 2019இல்தான் அந்த வகுத்தலை நிறுத்தினார்கள். சொல்லப்போனால் இதில் செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, நாலாம் வகுப்புக் கணக்குதான்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவியில் இதேபோல் பெற்றோரை மோசடிக்காரர்கள் ஆக்கினார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. 2023இல் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னீர்கள். அந்த 30 நாளும் அந்தக் கோட்டாட்சியரும்தான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பாதுகாப்பான செயற்கை நுண்ணறிவுக்கென்று 2020இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. அப்புறம் என்ன தயக்கம்? எந்தெந்தத் திட்டத்தில் மென்பொருள் ஆளைக் கழிக்கிறது என்ற பட்டியலை வெளியிடுங்கள். ஒருவரின் உதவியை நிறுத்தும் முன் ஓர் அதிகாரி கோப்பைப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. தென்னங்கீற்று முடைந்து முடைந்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவரை ஏற்க மறுக்கும்போதெல்லாம், ‘இந்தம்மாவை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்’ என்று விற்பனையாளர் ஏதாவது வழி பார்ப்பார். மறுப்புக் கடிதம் வரும் நாளில் பாட்டி யாரிடம் போவார்? அந்தக் கடிதத்தின் அடியில் ஓர் அதிகாரியின் பெயரும், எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப அட்டைதாரர்