பேரன் கேட்டதுக்குப் பதில்

மல்லாவி,
மாசி 12

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். இந்தமுறை வவுனிக்குளம் வான் பாய்ஞ்சது. வெட்டு முடிஞ்சு நெல்லும் வீட்டுக்கு வந்திட்டுது.

ஞாயிற்றுக்கிழமை பேரன் கோல் எடுத்தவன். பள்ளிக்கூடத்துக்கு எழுத வேணுமாம், பிளேக்கில செத்த பெரிய ஆக்களைச் சொல்லுங்கோ அம்மப்பா எண்டான். பின்னால நீ பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டது. அம்மாட்டக் குடு எண்டன். அம்மாவுக்கு வேலையாம். அதுதான் கடிதமா எழுதிறன். அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தானே வாசிப்பான், நீதான் வாசிச்சுச் சொல்ல வேணும்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயித்தோட வேலைக்குப் போகாத.

முதல் அவன் இருக்கிற இங்கிலாந்து நாட்டுக் கதை. 1348இல மூன்றாம் எட்வேட் மன்னன்ர மகள் ஜோன், காஸ்டீல் நாட்டு இளவரசனைக் கலியாணம் செய்யக் கப்பலேறினவள். வழியில போர்தோ நகரத்தில பிளேக் வந்து செத்துப்போனாள். பதினைஞ்சு வயசும் இல்லை. தகப்பன் சம்பந்தி அல்போன்சோ மன்னனுக்குக் கடிதம் எழுதினான். துக்கம் குத்துது, நாங்களும் மனிசர்தானே எண்ட கருத்தில. ஒரு அரசன் அப்பிடி எழுதினான், பிள்ளை. 1350இல ஜிப்ரால்டர் முற்றுகையில அந்தச் சம்பந்தியையும் அதே நோய் கொண்டுபோட்டுது.

பிளேக் கிருமியை யெர்சின் எண்ட டொக்டர் ஹொங்கொங்கில கண்டுபிடிச்சது 1894இலதான். எலித்தெள்ளு பரப்பிறதெண்டு தெரிய இன்னும் சில வருசம் போச்சுது. அதுக்கு முதல் செத்தவையின்ர தாய்மார் என்ன பாவம் செய்தம், எங்க பிழை விட்டம் எண்டு யோசிச்சு யோசிச்சே உருகியிருப்பினம். தெள்ளு கடிச்சதுக்குத் தாய் என்ன செய்வாள்? இதைப் பேரன் எழுதாட்டிலும் பரவாயில்லை, நீ வாசி.

அடுத்தது சாவித்திரிபாய் பூலே. 1848இல புனேயில பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினவ. படிப்பிக்கப் போகேக்க சாணியால எறிஞ்சவங்கள், அப்பிடியும் போனவ. 1897இல பிளேக் வந்த நேரம், டொக்டரான வளர்ப்பு மகன் யஷ்வந்தோட ஊருக்கு வெளியில வைத்தியம் பாக்க இடம் அமைச்சவ. நோய் கண்ட ஒரு பொடியனை முதுகில சுமந்து அங்க கொண்டுபோனவ. அப்ப அவவுக்கு 66 வயசு. பொடியன் தப்பினான். அவவுக்குத் தொத்தி மார்ச் 10ஆம் திகதி செத்துப்போனா. முதுகில சுமந்தவ எண்டதைப் பேரன் விடாமல் எழுதட்டும்.

எங்கட ஒழுங்கையில இருந்து லண்டன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன பிள்ளை நீ ஒராள்தான். கோயிலடியில அதைச் சொல்லாத நாள் இல்லை. ஊரார் வருத்தத்தையெல்லாம் கேக்கிற நீ, தகப்பனோட ரெண்டு சொல்லுக் கதைக்க நேரமில்லையோ? தைக்கு ஒரு செய்தி சொல்லுவன் எண்டு சிரிச்சனி. தை போட்டுது. போன கிழமை பெரியம்மா வந்து, ஏதோ சொல்ல வெளிக்கிட்டு நிப்பாட்டினவ. நான் கேக்கேல்லை.

கடைசியா பெரிக்கிளிஸ். ஏதென்ஸ் நகரத்தின்ர தலைவர். ஸ்பார்ட்டாவோட சண்டை எண்டு நாட்டுப்புறச் சனத்தையெல்லாம் மதிலுக்குள்ள கூப்பிட்டவர். வீடில்லாத சனம் கோடை வெயிலில புழுங்குற கொட்டிலுகளுக்க கிடந்தது. எங்களுக்கு விளங்கும் அது. கி.மு. 430இல நோய் பிடிச்சுது. அது எலித்தெள்ளுப் பிளேக் தானோ எண்டதில அறிஞருக்குள்ள இன்னும் பிணக்கு, பேரன் அதையும் ஒரு வரி சேர்க்கட்டும். மூத்த மகன் செத்தான், சகோதரி செத்தா, மனிசன் கண்கலங்கேல்லை. இளையவன் பராலஸ் செத்து, உடம்பில மாலை வைக்கக் குனிஞ்ச இடத்தில வாய்விட்டுக் கத்தி அழுதவர். அடுத்த வருசம் தானும் நோயிலயே போனார்.

இதை முப்பது வருசம் படிப்பிச்சன். மாலை வைச்ச இடத்தை ஒருநாளும் சொல்லேல்லை. 'நோயால் இறந்தார்' எண்டு எழுதிப்போட்டுக் கரும்பலகையை அழிச்சிடுவன்.

96ஆம் ஆண்டு, அண்ணாவுக்கு மலேரியா. மூண்டாம் நாள் ராவு உடம்பு நெருப்பாக் காய்ஞ்சது. இப்பவே கொண்டுபோவம் எண்டு அம்மா கெஞ்சினவ. நீலச் சைக்கிளுக்குக் காத்தில்லை, விடியட்டும் எண்டன். காத்தில்லாதது உண்மை. ஆனா ஏழு வயசுப் பிள்ளை, தோளில போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். நான் நடக்கேல்லை. விடிஞ்சு சைக்கிளும் தேவைப்படேல்லை. அம்மா குழறினதை, பிள்ளை பயப்பிடும் எண்டு உன்னைக் காட்டி நிப்பாட்டினன். எட்டாம் நாள் வகுப்புக்குப் போனன். தறப்பாள் மறைப்புக்குப் பின்னால நிண்டு நீ என்னையே பாத்துக்கொண்டு நிண்டனி. அப்ப உனக்கு அஞ்சு வயசு. வாயை மூடிக்கொண்டிருக்கிறதை நீ அண்டைக்குத்தான் என்னட்டப் பழகினனி.

அம்மா தைச்ச சின்னச் சட்டையள் அலுமாரியில கிடக்குது. மடிச்சு மடிச்சு வைக்கிறா.

வாற ஞாயிறு பேரன் எடுக்கேக்க போனை வாங்கு. கதைக்க வேணுமெண்டில்லை. அழுதாலும் நான் வைக்கமாட்டன், அம்மாவையும் பக்கத்தில இருத்திறன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா