இரண்டு மீட்டர் துளை

திருச்செங்கோடு

அன்புள்ள மாப்பிள்ளை துரைசாமிக்கு,

கடிதம் போட்டு ஒன்றரை வருடமாகிறது. போனில் பேசினால் நீ நூல் விலையைச் சொல்கிறாய், நான் டீசல் விலையைச் சொல்கிறேன், அத்தோடு முடிந்துபோகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் நம் ரிக் வண்டி இரண்டும் இப்போது ஒடிசாவில் ஓடுகின்றன. ஆள் கிடைப்பதுதான் பாடு. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதம் பூங்கொடிக்காக. நிலவியலில் எம்.எஸ்சி. முடித்து, கேட் தேர்விலும் தேறிவிட்டாள். உங்கள் அகமதாபாத் நவரங்புராவில் விக்ரம் சாராபாய் 1947இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறதல்லவா, அங்கே கோள் அறிவியலில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்திருந்தாள். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். சந்திரயான்-3இன் பிரக்யான் வண்டியில் நிலவு மண்ணின் தனிமங்களை அளந்த எக்ஸ்ரே கருவியை அங்கேதான் செய்தார்கள். துணிக்கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே இருபது வருடத்தை ஓட்டிய உனக்கு இது தெரிந்திருக்காது!

"வேறு கோளில் உயிர் இருக்கிறதா என்று தேடப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னாள். "இந்தக் கோளில் ஒரு வரன் தேடவே நான்கு வருடமாக அலைகிறோம்" என்றாள் அவள் அம்மா. நானும் முதலில் அந்தக் கட்சிதான். மனம் மாறியது காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிணறு துளைத்தபோது.

அறுநூற்று நாற்பது அடி வரை தண்ணீர் இல்லை, வெறும் கல்தூசிப் புகை. பிறகு தூள் கொஞ்சம் ஈரமாக வந்தது. தோட்டக்காரர் துள்ளிக் குதித்துத் தேங்காய் உடைத்துவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த பூங்கொடி அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்து, "அப்பா, தூசி அடங்க நாமே தண்ணீர் விட்டோமே, அதுவாக இருந்தால்?" என்று என் காதில் கேட்டாள். தண்ணீரை நிறுத்திவிட்டு இன்னும் நான்கு ராடு இறக்கினோம். மறுபடியும் புகை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு வண்டியில் திரும்பும்போது சொன்னாள், செவ்வாயிலும் இதே கதைதானாம். 1976இல் அமெரிக்காவின் வைக்கிங் கலங்கள் இரண்டு இறங்கின. அங்கிருந்த மண்ணில் ஊட்டச்சத்துக் கரைசலைச் சொட்டவிட்டார்கள். உயிர் இருந்தால் தின்றுவிட்டு வாயு விடும். வாயு வந்தது. ஆனால் அதே மண்ணைச் சூடாக்கிப் பார்த்த இன்னொரு கருவிக்கு, அந்த மண்ணுக்கே உரிய கரிமப் பொருள் எதுவும் தட்டுப்படவில்லை. மண்ணின் வேதியியல்தான் ஏமாற்றியது என்று பெரும்பாலோர் முடிவு கட்டினார்கள். 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடாக்கினால் கரிமப் பொருளை எரித்துவிடும் உப்பு அது. ஆக, அந்த இன்னொரு கருவியின் சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே குழிக்கு ஐம்பது வருடமாகப் பஞ்சாயத்து.

செவ்வாயில் உயிர் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பியிருந்த பத்திரிகை நறுக்கும் இந்த வகைதான். 2024 ஜூலையில் அங்கே அமெரிக்காவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்கள் அதில். விவியனைட், கிரெய்கைட் என்று இரண்டு கனிமங்கள் இருப்பதாகத் தெரிகிறது என்று 2025 செப்டம்பரில் கட்டுரை வந்தது. பூமியில் இவற்றை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரே இல்லாமலும் உண்டாகலாம். கட்டுரை எழுதியவர்களே 'உயிர்த்தடமாக இருக்கக்கூடும்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தேங்காய் உடைத்தது உன் பத்திரிகை. மாதிரி இன்னும் செவ்வாயில் குழாய்க்குள் கிடக்கிறது, எடுத்துவர வண்டி ஏற்பாடாகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றில். ஐரோப்பியர்கள் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்று ஒரு ஊர்தி செய்து வைத்திருக்கிறார்கள். 2022இல் ரஷ்யாவோடு கூட்டு முறிந்ததால் பயணம் 2028க்குத் தள்ளிப்போனது. அது துளைக்கப்போகும் ஆழம் இரண்டு மீட்டர். ஆறரை அடி, மாப்பிள்ளை! நம் ஊர் வண்டி கேசிங் குழாய் இறக்கவே அதைவிட ஆழம் போகும். ஆனால் காரணம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய்க்குக் கனத்த காற்றுப் போர்வை கிடையாது, பூமியைப் போல் முழுக் கோளையும் காக்கும் காந்தப்புலமும் கிடையாது. மேல் மண்ணில் இருக்கும் கரிமப் பொருளைக் கதிர்வீச்சு சிதைத்துவிடும். கீழே போனால்தான் பழையது மிஞ்சியிருக்கும். துளைப்பானில் பூமியின் கிருமி ஒட்டிக்கொண்டு போகாதபடி அதைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலையாம். நம் ரிக்கின் துளைக்கும் பிட்டை நாம் கழுவுகிற லட்சணம் உனக்குத் தெரியும்.

மறந்துவிட்டேனே, பள்ளி நாளில் சித்தம்பூண்டியில் சிவப்புக் குருந்தக்கல் பொறுக்கப்போய் உன் சைக்கிளைத் தொலைத்தோமே, அந்த வெள்ளைப் பாறைக்குப் பெயர் அனார்த்தோசைட். நிலவின் மேட்டு நிலமும் அதே இனம். அந்தப் பாறையையும் குன்னமலைப் பாறையையும் அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணைப் போல் செய்து விக்ரம் தரையிறங்கு கலத்தை இறக்கிப் பழகியது. நம்முடையது சுமார் 250 கோடி வருடம், நிலவில் இருப்பது 400 கோடிக்கும் மேல். சைக்கிள் போனதற்கு என் அப்பாரு அடித்தது நினைவிருக்கிறதா? அந்த அடி நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தேர்வாவாளா, தெரியாது. தேர்வானாலும் ஐந்து வருடமாவது ஆகும். அதற்குள் எதுவும் கிடைக்காமலும் போகலாம் என்று அவளே சொல்கிறாள். சொந்தக்காரர்களுக்கு அது புரியவில்லை; எத்தனையோ வறண்ட குழிக்குப் பக்கத்தில் நின்ற எனக்குப் புரிகிறது.

சென்னை போய் நவஜீவன் ரயில் பிடித்து வருகிறாள். நான்கு நாள் உன் வீட்டில் வைத்துக்கொள். நேர்முகத் தேர்வன்று ஆட்டோவில் தனியாக அனுப்பாதே, நீயே கூட்டிப்போ. தங்கச்சிக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஐந்து கிலோ கொடுத்துவிடுகிறேன். ஸ்டேஷனில் பையைத் தூக்கும்போது அதைவிடக் கனமாக இருந்தால் திட்டாதே. மிச்சமெல்லாம் சித்தம்பூண்டிக் கல்.

அன்புடன்,
பழனிசாமி