தண்ணீரைப் படிக்கத் தெரிந்த வழிகாட்டி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, நவம்பர் மூன்றாம் வாரம் நீயும் சாந்தியும் வெனிஸுக்குக் கிளம்புகிறீர்கள், இரண்டுமே நல்ல சேதி. அங்கே வழிகாட்டி கூட்டிப்போகும் படமெடுக்கும் நடை ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா, தனியாகவே சுற்றலாமா என்று கேட்டிருந்தாய். சேர்ந்துகொள். ஒரே ஒரு காலை போதும், அதுவும் போய் இறங்கிய மறுநாள் காலையாக இருக்கட்டும். மிச்ச நாட்களில் அவர் காட்டிய வழியிலேயே நீ தனியாகத் திரும்ப நட.

எந்த வழிகாட்டி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலம் எங்கே, மணிக்கூண்டு எங்கே என்று காட்ட ஆள் தேவையில்லை, வரைபடமே போதும். தண்ணீரைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேள். எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள்? எத்தனை பேர்? மூடுபனி இறங்கினால் எங்கே கூட்டிப்போவீர்கள்? அன்றைக்கு ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், எப்போது ஏறி எப்போது இறங்குகிறது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிறவரை விட்டுவிடு. காலை 10 மணிக்குத் தொடங்கும் நடையும் வேண்டாம். 2024 முதல் வெனிஸில் ஒரு வழிகாட்டியோடு 25 பேருக்கு மேல் போகக்கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. ஆனால் படமெடுக்க 25 பேர் என்பதே திருவிழாக் கூட்டம். நாலு பேர் சரி, ஆறு பேர் வரை பொறுக்கலாம். அவரே கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு தன் படத்தை எடுத்துக்கொண்டிருப்பாரா என்பதையும் விசாரித்துவிடு.

நீ போகும் நாட்களில் சூரியன் காலை ஏழேகால் வாக்கில் உதித்து மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். காலை ஆறேகாலுக்கு நீ ட்ரைபாடை (கேமரா முக்காலியை) விரித்திருக்க வேண்டும். அதனால் ஊருக்குள்ளேயே தங்கு. நிலப்பக்கத்து மெஸ்த்ரேயில் அறை மலிவு என்று போனால் உதயத்துக்கு முந்தைய அந்த நீல வெளிச்சம் உனக்குக் கிடைக்காது. நகரத்துக்குள் நுழையப் பகல்நேரப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2024லும் 2025லும் அதை ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் வைத்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது, தங்குமிட வரி மட்டும் உண்டு.

முதல் காலை அக்காதேமியா பாலமா, சான் மார்கோ சதுக்கத்துக் கரையா என்று வழிகாட்டி கேட்பார். இரண்டையும் ஒரே விடியலில் பிடிக்கப் பார்க்காதே. நீல வெளிச்சம் மொத்தமே அரை மணி நேரம், அதில் பாதி நடையிலேயே போய்விடும்.

அக்காதேமியாவில் நின்றால் பெரிய கால்வாய் உன் எதிரே கிழக்கு நோக்கி ஓடி, சலூட்டே தேவாலயத்தின் குவிமாடங்களில் முடியும். நவம்பர் பிற்பகுதியில் சூரியன் அந்தக் குவிமாடங்களுக்குப் பின்னால் எழாது. வலப்பக்கக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் எழும். சூரியன் வரட்டும் என்று காத்திருந்தால் படம் கைநழுவும். உதயத்துக்கு முந்தைய 25 நிமிடம்தான் உன்னுடையது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 8 முதல் 15 வினாடி வரை வைத்துத் தொடங்கு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1933ல் மரத்தில் கட்டி, 1980களில் அதே வடிவில் மாற்றிக் கட்டிய பாலம் அது, யாராவது ஒருவர் படியேறினாலே அதிரும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் குவிமாடத்தின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம், கோளாறு காலடியில். ஒரே 15 வினாடிக்குப் பதில் ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றி 4 வினாடியாக நாலைந்து படம் எடு, ஆள் நடமாட்டம் இல்லாத இடைவெளியில் எடுத்தது ஒன்றாவது தேறும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதே. படகுத்துறை மிதவைகளில் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரே வேண்டாம், அவை எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

சான் மார்கோ துறையில் அந்த ஆட்டத்தையே படமாக்கலாம். நீலத் தார்ப்பாய் போர்த்திய கொந்தோலாக்கள் கம்பங்களுக்கிடையே அசையும், பின்னால் எதிர்த்தீவில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயம். அதன் முகப்பு வடமேற்குப் பக்கம் பார்த்திருப்பதால் காலையில் நிழலில்தான் இருக்கும். அதைக் கரிய உருவமாகவே வைத்துக்கொள். கொந்தோலாக்களுக்கு 1 அல்லது 2 வினாடி கொடுத்தால் மூக்கு மட்டும் கலங்கி உடல் தெரியும். 15 வினாடி கொடுத்தால் எல்லாமே புகையாகிவிடும். வெளிச்சம் ஏறிய பிறகும் இதைச் செய்ய நினைத்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரில் 6 ஸ்டாப் போதும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்), 1/60 வினாடி 1 வினாடியாகிவிடும். 10 ஸ்டாப் போட்டால் அதுவே 17 வினாடி.

கொந்தோலாவை நேர் எதிரே நின்று எடுக்கும்போது ஒன்றைக் கவனி. கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம். நேராகப் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கோணலாகக் கட்டுகிறார்கள், அதனால் வெறும் படகு ஒரு பக்கம் சாய்ந்தே மிதக்கும். அதை நிமிர்த்துகிறேன் என்று கேமராவைச் சாய்த்தால் பின்னாலிருக்கும் சுவர்கள் விழுகிற மாதிரி ஆகிவிடும். சுவரையும் நம்பமுடியாது. சாந்தோ ஸ்தெஃபானோ மணிக்கூண்டும் புரானோத் தீவின் மணிக்கூண்டும் உண்மையிலேயே சாய்ந்தவை. கரையோரக் கோடு தூரத்துக்குப் போகப்போகச் சரிவாகத் தெரியும், அதுவும் உதவாது. கேமராவுக்குள் இருக்கும் மட்டக்கோட்டை மட்டும் நம்பு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, எதிரொளி. வெனிஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் காலைப் பொன்வெளிச்சத்தையும் மாலையையும்தான் துரத்துகிறார்கள். சின்னக் கால்வாய்களுக்கு, அவர்கள் ரியோ என்று சொல்கிறார்கள், முற்பகல் பத்தரை முதல் ஒரு மணி வரைதான் பொற்காலம். நீ போகும் நாட்களில் உச்சிவேளையிலும் சூரியன் 25 டிகிரி வாக்கில்தான் நிற்கும். குறுகலான ரியோவில் வெயில் ஒரு பக்கச் சுவரின் மேல்மாடியில் மட்டும் விழும், கீழே தண்ணீர் முழு நிழலில் கிடக்கும். அந்தக் காவிச் சுவரும் பச்சை ஜன்னலும் கறுத்த தண்ணீருக்குள் உருகின மாதிரி இறங்கும். சுவரை விட்டுவிடு, தண்ணீரை மட்டும் எடு. எக்ஸ்போஷரை வெளிச்சத்துக்கு அளந்து, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள். நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதே, நிழலின் நீலத்தையும் சுவரின் பொன்னையும் அது சமப்படுத்தி இரண்டையும் கெடுத்துவிடும். அதை 5200 கெல்வினில் நிறுத்தி, கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடு.

ஃபோகஸ் விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். தண்ணீரின் பரப்பில் ஃபோகஸ் செய்தால் மிதக்கும் இலை துல்லியமாக வரும், எதிரொளி மங்கிவிடும். எதிரொளி இருப்பது பரப்பில் இல்லை. உன்னிடமிருந்து தண்ணீர் வரை, தண்ணீரிலிருந்து சுவர் வரை, இரண்டு தூரத்தையும் கூட்டினால் வருவதுதான் அதன் தூரம். எதிரொளியின் ஜன்னல் விளிம்பிலேயே ஃபோகஸ் புள்ளியை வை. அலைக்கோடுகள் செதுக்கினாற்போல வேண்டுமானால் 1/250 வினாடிக்குக் குறையாதே, நிறம் குழைந்து ஓட வேண்டுமானால் 1/8 வரை இறங்கு. இரண்டுக்கும் நடுவே நின்றால் அது கை நடுக்கம் போலத் தெரியும்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைஸர் ஃபில்டர் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருந்தாய். கொண்டுபோ, ஆனால் பழக்கத்தில் அதைப் பளபளப்பு போகும் வரை திருப்பாதே. தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 டிகிரிக் கோணத்தில் பார்க்கும்போது அது எதிரொளியை முழுதாகவே துடைத்துவிடும், மிஞ்சுவது கலங்கிய பச்சைத் தண்ணீர். அங்கிருந்து கால் சுற்று திருப்பினால் நேர்மாறாக எதிரொளி அடர்ந்து நிற்கும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போகும், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்.

தண்ணீர் அசையாமல் இருக்கவேண்டுமே. அதற்குத்தான் ஓதக் கேள்வி. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முன் சிறிது நேரம் ஓட்டம் நிற்கும், அப்போது கண்ணாடி. இன்னொரு எதிரி படகுகள் கிளப்பும் அலை. வார நாட்களில் விடிந்ததும் சரக்குப் படகுகள் இறங்கிவிடும், ஞாயிறு காலையில் அவை மிகக் குறைவு. எனவே ரியோக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கு. ரியால்டோ மீன் சந்தைக்கு செவ்வாய் முதல் சனி வரை போ, ஞாயிறும் திங்களும் அங்கே கடை இல்லை. கடைக்காரரை எடுக்கும் முன் கேமராவைக் காட்டி "பொஸ்ஸோ?" என்று கேள். எடுக்கலாமா என்று அர்த்தம். தலையசைத்தால் எடு, இல்லையென்றால் நகர்ந்துவிடு. இந்தப் பழைய நகரத்தில் இப்போது குடியிருப்பவர்கள் 50,000 பேருக்கும் குறைவு. காஸ்தெல்லோ பகுதிச் சந்துகளில் துணி காயப்போட்டிருக்கும் கொடி அழகாகத்தான் இருக்கும், ஆனால் திறந்த ஜன்னலுக்குள் நீள லென்ஸைத் திருப்பாதே. வாசற்படியில் ட்ரைபாடை நிறுத்தி வீட்டுக்காரரை வழிமறிப்பதும் கூடாது.

கால்வாயில் இறங்கும் படிகளில் பச்சை படிந்திருக்கும் படிக்குக் கீழே கால் வைக்காதே. ஓதம் இறங்கும்போது வெளிப்படும் பாசி அது. எவ்வளவு நல்ல செருப்பானாலும் வழுக்கும்.

நவம்பர் வெள்ளக் காலம். ஓதம் 80 செ.மீ. தொடும்போதே சான் மார்கோ சதுக்கத்தின் தாழ்ந்த இடங்களில் வடிகால் வழியாக நீர் மேலே வரும். 110 செ.மீ. வரும் என்று கணித்தால் கடல்வாயில் உள்ள மோசே தடுப்பை எழுப்புவார்கள். மூன்று வாய்களில் 78 கதவுகள், 2020 அக்டோபர் 3 முதல் செயலில் இருக்கிறது. எனவே 2019 நவம்பர் 12ல் 187 செ.மீ. ஏறியதைப் போல நீ பார்க்கப்போவதில்லை, மெல்லிய நீர்ப்படலம் கிடைக்கலாம். படத்துக்கு 1 செ.மீ. தண்ணீர் போதும். திரையை மடக்கிப் பார்த்தபடி கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கும் கீழே இறக்கு, 24 மி.மீ. லென்ஸில் சான் மார்கோ தேவாலயம் தலைகீழாக முழுதாக வரும். மக்கள் நடக்கப் போடும் பலகை மேடையில் ட்ரைபாட் வைக்காதே, அதிர்வும் உண்டு, வழியும் அடையும். அது உப்புத் தண்ணீர். அறைக்குத் திரும்பியதும் ட்ரைபாடின் கடைசிக் கணுக்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவை, இல்லாவிட்டால் திருகு இறுகிப்போகும்.

மூடுபனி வந்தால் சந்தோஷப்படு. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டு, கேமரா தானாக அளந்தால் பனியைச் சாம்பலாக்கிவிடும். தானியங்கி ஃபோகஸ் பிடிப்பின்றி அலையும், விளக்குக் கம்பம் போல விளிம்புள்ள ஏதாவதில் பிடித்துக் கையால் நிறுத்திவிடு. பனி அடர்ந்தால் சில நீர்ப்பேருந்துத் தடங்கள் மாறும் அல்லது நிற்கும். புரானோவை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதே. குளிரிலிருந்து சூடான காப்பிக் கடைக்குள் நுழையும்போது கேமராவைப் பையை விட்டு எடுக்காதே, அரை மணி கழித்து எடு. இல்லையென்றால் லென்ஸ் வியர்த்துவிடும்.

பெரிய கால்வாயைப் பார்க்க 1ஆம் எண் நீர்ப்பேருந்தே போதும். ஒரு டிக்கெட்டுக்கு 75 நிமிடம்தான் கணக்கு என்பதால் பல நாள் அட்டையாக வாங்கு. ஓடும் படகில் 1/500க்குக் குறையாதே, கம்பியில் முழங்கையை ஊன்றாதே, இயந்திரத்தின் அதிர்வு நேராகக் கைக்கு வரும். முற்பகலில் ஒரு நாள் சான் த்ரோவாசோ கொந்தோலாப் பட்டறையை எதிர்க்கரையில் நின்று பார். 17ஆம் நூற்றாண்டுப் பட்டறை, மலைநாட்டு மரவீடு மாதிரி இருக்கும். கவிழ்த்துப் போட்ட படகின் அடிவயிற்றுக்கு 70-200 மி.மீ. நீள லென்ஸை எடு. சாந்திக்குக் கேமராவில் ஆர்வமில்லை என்றால் கொர்ரர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போ. ஓவியர் கனலெத்தோவின் பெயர் பொறித்த இருட்டுப்பெட்டிக் கேமரா ஒன்று அங்கே இருக்கிறது, இதே கால்வாய்களைப் பெட்டிக்குள் விழவைத்துக் கோடு பிடிக்கப் பயன்படும் சாதனம்.

நவம்பர் 21 அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. 1630ல் தாக்கிய கொள்ளைநோய் நீங்கியதற்கான நேர்த்திக்கடன் நாள் அது. சாந்தா மரியா தெல் ஜீலியோ பக்கமிருந்து சலூட்டே கரைக்குப் பெரிய கால்வாயின் மேல் தற்காலிகப் பாலம் போடுவார்கள், ஊரே மெழுகுவத்தியோடு நடந்துபோகும். நடுக்கால்வாயில் நின்று பார்க்கும் அந்தக் கோணம் வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான். ட்ரைபாடை அறையிலேயே விட்டுவிடு. 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2, 1/125, ஐ.எஸ்.ஓ. 3200. ஃப்ளாஷ் வேண்டாம். வேண்டிக்கொள்கிறவர்கள் முகத்துக்கு மெழுகுவத்தி வெளிச்சமே நிறையக் கிடைக்கும். படம் முடிந்ததும் நீங்களும் ஆளுக்கொன்று ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள், குளிரில் சீக்கிரம் இறங்கும். வழிகாட்டியிடமிருந்து பதில் வந்ததும் அவர் சொன்ன நேரத்தையும் வழியையும் எனக்கு எழுது, அன்றைய ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்