விரல் மறக்காத யளனகபக

காரைக்குடி
18.1.2026

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு சமாதானமானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் மாசியில் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் மாடி அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகன் வாங்கி அனுப்பிய ராஸ்பெரி பை 400 என்ற சின்னக் கணினிப் பெட்டியைத் தீபாவளியிலிருந்து பீரோவிலேயே வைத்திருக்கிறாய், பிரிக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இன்றைக்கே பிரி. அதே சாதனத்தில்தான் நான் அக்டோபர் கடைசியிலிருந்து வேலை பார்க்கிறேன். இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான்.

என் கடையில் இருந்த பழைய கணினி உனக்குத் தெரியும். விண்டோஸ் 10 போட்டது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கிற வயது அந்தக் கணினிக்கு இல்லை. புதிதாக வாங்கலாமா, கடையையே மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி மகன் தன்னிடம் சும்மா கிடந்த பை 400-ஐக் கொண்டுவந்து கொடுத்தான். "அத்தை, உங்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கு" என்றான். கையில் வாங்கியதும் எனக்கும் அப்படித்தான் பட்டது. தனியாகப் பெட்டி ஒன்று கிடையாது, விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியிருக்கிறது. உள்ளே அகலமாக ஒரு உலோகத் தகடு வைத்துச் சூட்டைத் தணிக்கிறார்கள். விசிறி இல்லாததால் சத்தமே வராது. இங்கிலாந்தில் 1980-களில் பள்ளிக்கூடங்களில் இருந்த பிபிசி மைக்ரோவும் இப்படி விசைப்பலகையோடு சேர்ந்த கணினிதானாம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று 2012 பிப்ரவரி 29-இல் முதல் ராஸ்பெரி பையை வெளியிட்டார்கள். இந்த 400 வந்தது 2020 நவம்பரில்.

இதற்கான இயங்குதளம் ராஸ்பெரி பை ஓஎஸ். 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ்தான் அதற்கு அடித்தளம். உலகமெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டி வருவது. காசு கிடையாது, உரிமச் சாவி கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

நிறுவுவதில் பயப்பட ஒன்றுமில்லை. உன் பழைய கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள். 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று வாங்கி ரீடரில் செருகு. இமேஜரில் சாதனம் எது, எந்த ஓஎஸ், எந்தக் கார்டு என்று மூன்று கேள்வி வரும். ஓஎஸ் கேட்கும்போது 64-பிட்டில் 'ஃபுல்' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடு, அதில் கடிதம் அடிக்கிற லிப்ரே ஆபீஸ் மென்பொருளும் சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், நேர மண்டலம் எல்லாம் முன்கூட்டியே கேட்கும். பயனர் பெயரைச் சிற்றெழுத்தில் கொடு. விசைப்பலகை வகையைக் கவனித்துப் போடு. பலகை அமெரிக்க வகையாக இருந்து நீ பிரிட்டிஷ் வகையைக் கொடுத்துவிட்டால் மின்னஞ்சலுக்கு அடிக்கிற அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி விழும். கார்டில் எழுதி முடித்ததும் அதுவே ஒரு தடவை சரிபார்க்கும். அவசரப்பட்டு நடுவில் உருவிவிடாதே.

கார்டைப் பின்பக்கத் துளையில் செருகு. திரைக்குப் போகிற கம்பியின் ஒரு முனை மைக்ரோ எச்டிஎம்ஐ ஆக இருக்க வேண்டும், வீட்டுத் தொலைக்காட்சிக் கம்பி இதற்குச் சேராது. இரண்டு துளையில் கார்டை ஒட்டி இருப்பதில் மாட்டு. மின்சாரம் கொடுத்ததும் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்து போகும். முதல் தடவை கார்டு முழுவதையும் தனக்கென்று விரித்துக்கொண்டு ஒருமுறை அணைந்து எழும். அதோடு முகப்புத் திரை வந்துவிடும்.

என்னை நான்கு நாள் அலைக்கழித்தது மின்சாரம்தான். வீட்டில் கிடந்த கைபேசி சார்ஜரில் மாட்டினேன். நன்றாக எழுந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரையின் மேல் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி. உலாவியைத் திறந்தேன், அணைந்துபோய்த் தானாக மறுபடி எழுந்தது. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து முதலிலிருந்து எழுதினேன். மறுபடி அதே கதை. மூன்று தடவை எழுதியிருப்பேன். தம்பி மகனிடம் மின்னல் குறியைப் பற்றிச் சொன்ன பிறகுதான் விளங்கியது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். சார்ஜரில் 5 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் கம்பி மெல்லிசு. தெருக்குழாயில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டுக்கு நூல் மாதிரி வடியுமே, அதுபோலத்தான். உலாவி திறக்கும்போது சிப் அதிக மின்னோட்டம் கேட்கிறது, அந்த நேரம் பார்த்துக் கம்பியிலேயே அழுத்தம் குறைந்துவிடுகிறது. இதற்கென்றே விற்கிற 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட மின்னல் வரவில்லை. உன் பெட்டிக்குள் அடாப்டர் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் அது வந்த பிறகு தொடங்கு.

இன்னொன்று, வேலை முடிந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகாதே. எஃப்என் விசையோடு எஃப்10-ஐச் சேர்த்து இரண்டு விநாடி அழுத்தினால் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையலாம். உன் பக்கம் மின்தடை அதிகம் என்றால் சின்னதாக ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள். இதற்குள் பேட்டரிக் கடிகாரமும் கிடையாது, இணையத்தில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். இணைப்பு இல்லாத ஒரு காலையில் மனுவில் தேதி தானாக விழட்டும் என்று விட்டேன். முந்தின நாள் தேதி விழுந்துவிட்டது. கையெழுத்துக்குப் போகும் முன் வக்கீல் குமாஸ்தா பார்த்ததால் சரியாயிற்று. இப்போது காலையில் கடை திறந்ததும் மூலையில் இருக்கிற நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி தமிழ். முதலில் தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து ஒரே வரிக் கட்டளையில் லோஹித் தமிழ் எழுத்துருவை இறக்கினேன், கட்டங்கள் எல்லாம் எழுத்தாயின. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு எம்17என் என்று ஒரு தொகுப்பு. உலக மொழிகளையெல்லாம் ஒரே இடத்தில் கையாள ஜப்பானில் இருக்கிற ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவாக்கியது. அவர்கள் அதில் நம் தமிழையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். திரைச்சூழல் வேலேண்ட் என்ற புதிய முறையில் இருந்தபோது எனக்கு ஐபஸ் சரியாகப் பிடிபடவில்லை. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் போய் எக்ஸ்11-க்கு மாற்றினேன், ஒழுங்காக வேலை செய்தது. நீயும் அப்படியே செய்.

ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கப் போனால் ஒரு பட்டியல் விரியும். தமிழ்99 இருக்கிறது, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பலகை, சின்னவள் அதில்தான் அடிப்பாள். ஃபோனெடிக் இருக்கிறது, இன்ஸ்கிரிப்ட் இருக்கிறது. இன்னும் கீழே வந்தால் டைப்ரைட்டர். வசந்தா, அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. தேர்ந்தெடுத்துவிட்டு ராஸ்பெரி படம் போட்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்துத் தட்டினேன். திரையைப் பார்க்காமல் இடது கையை வைத்து அடித்தேன். ய ள ன க ப க. அப்படியே விழுந்தது. தட்டச்சுத் தேர்வுக்கு லோயர், ஹையர் என்று எத்தனை மாதம் அந்த ஓட்டுக் கட்டிடத்தில் பத்துப் பொறிகளின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அடித்த வரி! புள்ளியும் கொம்பும் எப்படி விழுகின்றன என்று மட்டும் முதல் நாள் அடித்துப் பழகிக்கொள், மற்றது தானே வரும்.

அன்றைக்கே நான் திறந்தது நம் தமிழ் ஐயாவின் கோப்பு. ஊர் ஊராகப் போய் அவர் சேர்த்த தாலாட்டும் ஒப்பாரியும், 240 பக்கம். 2003-இல் நான்தான் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு அதன் அச்சுப் பிரதியும் எங்கோ போய்விட்டது, குறுந்தகட்டில் இருக்கிற கோப்பு ஒன்றுதான் மிச்சம். லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. ஒரு நிமிடம் பதறிவிட்டேன். அப்புறம் ஒரு வரியை உற்றுப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். விரல் தானாக மேசைமேல் அசைந்தது: அம்மா. அந்த எழுத்துரு நாம் தட்டிய விசைகளை ஆங்கில எழுத்தாகவே சேமித்து, மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியிருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி, 23 வருடத்துக்கு முன் என் விரல் போன தடம் மட்டும் தெரிகிறது. அதைப் படித்துக்கொண்டே ஒரு தாலாட்டு முழுவதும் வாய்விட்டுச் சொன்னேன்.

தம்பி மகன் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பை வைத்து நாலைந்து வரி எழுதிக் கொடுத்தான். கோப்பு முழுவதும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறிவிட்டது. இனி எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகத் தெரியும். பேச்சு வழக்குச் சொற்கள் ஏராளம் என்பதால் வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். முதல் 60 பக்கம் முடித்துவிட்டேன். சங்கரன்கோவில் பக்கத்து ஒப்பாரியில் சில சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நீயும் சீக்கிரம் இதை நிறுவ வேண்டும் என்று நச்சரிக்கிறேன். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், பின்பாதியை நீ பார்.

ஒன்றிரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள். இதிலிருப்பது ஏஆர்எம் வகைச் சிப். விண்டோஸ் மென்பொருளைக் கொண்டுவந்து போட முடியாது. லினக்ஸுக்கென்று தயாரிப்பாளர்கள் கொடுக்கிற சில பிரிண்டர் டிரைவர்களும் சாதாரணக் கணினிக்கு மட்டும்தான் இருக்கும். என்னிடம் இருந்த பழைய பிரிண்டர் சேரவில்லை. வைஃபையில் இயங்குகிற புதியதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. உன் பிரிண்டரின் மாடல் எண்ணை எழுது, விசாரித்துச் சொல்கிறேன். நினைவகம் 4 ஜிபி. உலாவியில் ஏழெட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் தடுமாறும். கடிதம், மனு, பத்திரம் அடிக்க இதுவே தாராளம்.

வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். கார்டையும் அடாப்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய். தமிழ் விழுகிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பேரனுக்கு முத்தம்.

உன்,
செல்வி