டர்ஹாமிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் மகன் வீட்டு முகவரிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து தோட்டத்துக்கு நடந்தே போய்வருகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பேத்தியை ஹாஸ்டலில் சேர்ப்பதா, தினமும் பஸ்ஸில் போய்வரச் சொல்வதா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் பார்த்த ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அதற்கு வர முடியும்.

இங்கிலாந்தின் வடக்கே மகன் இருக்கும் நியூகாசிலிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் டர்ஹாம். ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. வெளியே வந்ததும் எதிரே குன்றின் மேல் பேராலயமும் கோட்டையும் தெரிகின்றன. வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பேராலயம் 1093-ல் கட்டத் தொடங்கியது. கோட்டை அதற்கும் இருபது வருடம் மூத்தது. அந்தக் கோட்டையில் இப்போது குடியிருப்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு காலத்தில் தனி நாணயம் அடித்து, தனிப் படை வைத்திருந்த பிஷப்புகள் வாழ்ந்த இடம். அங்கே ஒரு பையன் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தேன்.

பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மட்டும்தான் பல்கலைக்கழகங்கள். 1657-ல், மன்னரில்லாத காலத்தில் நாட்டை ஆண்ட குரோம்வெல், டர்ஹாமில் ஒரு கல்லூரிக்கு ஆணை கொடுத்தார். பட்டம் கொடுக்கும் உரிமை அதற்குப் போய்விடக்கூடாது என்று அந்த இரண்டும் எதிர்த்தன. மன்னராட்சி திரும்பியதும் கல்லூரியே இல்லாமல் போனது. பிறகு 1832-ல்தான் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அப்போது சீர்திருத்தக் குரல் ஓங்கியிருந்த நேரம். டர்ஹாம் திருச்சபையிடம் ஏராளமான நிலம், நிலக்கரி வருமானம் வேறு. அரசாங்கம் கைவைப்பதற்குள் நாமே கல்விக்குக் கொடுத்துவிடுவோம் என்று பேராலயத்தாரும் பிஷப் வான் மில்டெர்ட்டும் முடிவு செய்தார்கள். பயத்தில் பிறந்த தர்மம்தான், ஆனாலும் தர்மம். 1833 அக்டோபரில் பாடம் ஆரம்பம், 1837-ல் அரச சாசனம். பிஷப் வான் மில்டெர்ட் 1836-ல் காலமானார். அவருக்குப் பின் கோட்டையும் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் மூன்றாவது பழமையான பல்கலைக்கழகம் நாங்கள்தான் என்கிறார்கள். லண்டன்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கில் எனக்கு அக்கறையில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, பழைய தெருவில், ஹாட்ஃபீல்டு என்று ஒரு கல்லூரி. முன்பு அது குதிரை வண்டிப் பயணிகள் தங்கும் சத்திரம். 1846-ல் டேவிட் மெல்வில் என்பவர் அதற்குத் தலைவரானார். அதுவரை படிக்க வரும் பையன் கட்டில், மேசை எல்லாம் தானே வாங்கிப்போட வேண்டும், வேலையாளுக்கும் தானே சம்பளம் தர வேண்டும். வசதியில்லாதவன் கிட்டே போக முடியாது. மெல்வில் என்ன செய்தார் தெரியுமா? அறையில் சாமான்களைக் கல்லூரியே போட்டது. வேலையாட்கள் எல்லாருக்கும் பொது. சாப்பாடு எல்லாருக்கும் ஒரே கூடத்தில். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அவ்வளவுதான்! இன்று உலகம் முழுக்க ஹாஸ்டல் என்றால் நாம் நினைப்பது இதைத்தானே.

அந்த வாசலில் நின்றபோது நம் மெஸ்தான் கண்ணுக்கு வந்தது. நமக்கு டிவைடிங் சிஸ்டம், மாதச் செலவை எல்லார் தலையிலும் பங்கு போடுவது. மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் தொகையை ஒட்டும்வரை யாருக்கும் தெரியாது. மூன்றாம் வருடம் பாக்கிப் பட்டியலில் என் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அப்பா நெல் விற்றுப் பணம் அனுப்பும்வரை உன் தட்டிலிருந்துதான் நான் சாப்பிட்டேன். முன்கூட்டிச் சொல்லும் ஒரு தொகை ஏழை வீட்டுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று நம் இருவருக்கும் தெரியும்.

இப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் 17 கல்லூரிகள், இருபதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். பாடம் நடத்துவது துறைகள்; கல்லூரி என்பது தங்க, சாப்பிட, பழக. பிரபஞ்சம் உருவானதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் ஆய்வில் பெரிய பெயர். 1840-களிலிருந்து வானிலையைக் குறித்துவரும் வானாய்வகமும் உண்டு. புகழோடு குறையும் சேர்ந்தே வருகிறது. சுற்றிலும் சுரங்கத் தொழிலாளர் கிராமங்கள். உள்ளே பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம். வட இங்கிலாந்து உச்சரிப்பைச் சக மாணவர்களே கேலி செய்கிறார்கள் என்று 2020-ல் ஒரு மாணவி அறிக்கையே தொகுத்தாள். படித்தபோது வயிறெரிந்தது. மெல்வில் கட்டிய கூடத்தில் இப்படி நடக்கலாமா? பெண்கள் கதையும் இதே மாதிரிதான். 1895-ல் பட்டம் பெற அனுமதி கிடைத்தது. ஆனால் கோட்டைக்குள்ளும் ஹாட்ஃபீல்டிலும் பெண் பிள்ளைகள் சேர 1980-களின் கடைசிவரை ஆனது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஹாஸ்டலில் சேர்த்துவிடு. இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் அவளுக்குப் பாடம் மட்டும்தான் கிடைக்கும். வேறு ஊர், வேறு சாதி, வேறு வசதி உள்ள பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து மூன்று வருடம் சாப்பிடட்டும். நீ எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

செப்டம்பர் முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அப்புறம், சேர்க்கப் போகும்போது மெஸ் பில் எப்படிப் போடுகிறார்கள், மாதாமாதம் மாறுமா என்று வார்டனிடம் கேட்டு எனக்கு எழுது. முதல் வருட மெஸ் பணம் நான் கட்டுகிறேன். மறுக்காதே.

அன்புடன்,
வேலாயுதம்