மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் வந்த ஆலோசனை ஊழியக் கட்டுரையைப் படித்தேன். மனச்சோர்வில் இருக்கும் விசுவாசிக்கு வேதமும் ஜெபமும் போதும், மனநல மருத்துவம் உலக ஞானம், அதை நாடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அதையும் கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகளின் வழிவந்த சீர்திருத்தப் போதனையின் பேரில் சொன்னதுதான் எனக்கு வருத்தம். விசுவாசி, அவிசுவாசி என்று பாராமல் தேவன் எல்லாருக்கும் காட்டும் தயவாகிய பொதுக் கிருபை என்பதும் அதே போதனைதானே?

பொதுக் கிருபையால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை. ஆனால் நீதிமான் நிலத்திலும் அநீதிமான் நிலத்திலும் மழை பெய்வதும், தேவனை அறியாதவருக்கும் அறிவும் கைத்திறனும் கிடைப்பதும் அதனால்தான். புறமதத்தார் மருத்துவத்திலும் கணிதத்திலும் கண்டறிந்தவற்றைச் சொல்லிவிட்டு, சத்தியம் எங்கே இருந்தாலும் அதை இகழ்வது ஆவியானவரையே அவமதிப்பது என்று எழுதினார் கால்வின். நெதர்லாந்தின் பிரதமராகவும் இருந்த இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் இதைப் பற்றியே மூன்று தொகுதிகள் எழுதியிருக்கிறார்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மின்கம்பம் நட்டவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை. விளக்கு எரிந்ததும் தேவனைத்தான் ஸ்தோத்திரித்தோம்.

மனநோய் என்று வந்தால் மட்டும் ஏன் வேறு கணக்கு? எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பிரசவத்துக்குப் பிறகு வந்த சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஜெபக்கூட்டத்தில் "விசுவாசம் இருந்தால் நிறுத்து" என்றார்கள், நிறுத்தினார். சில வாரங்களில் தூக்கம் போய், குழந்தையைத் தூக்கவே பயந்தார். பிறகு புதுச்சேரிக்கு அழைத்துப்போய், திரும்ப மருத்துவம் பார்த்துத்தான் தேறினார். இன்றும் அந்த மாத்திரைப் பட்டையை வேதாகமப் பையிலேயே வைத்திருக்கிறார். அதில் ஒரு தப்பும் இல்லை. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், அப்புறம்தான் தேவன் அவரோடு பேசிய ஓரேப் மலை.

அதற்காக மனநூல்கள் சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. பாவம் என்று ஒன்றே இல்லை, மன்னிப்பும் தேவையில்லை என்று ஒரு கோட்பாடு சொன்னால் அதை ஏற்க முடியாது. சிலுவையைப் பற்றி எந்த மருத்துவரும் நமக்குப் போதிக்கப் போவதில்லை, அது சபையின் வேலை. 1970ல் வேத ஆலோசனையை வலியுறுத்தி எழுதிய அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் உளவியலைக் கடுமையாகச் சாடினார். அவரும்கூட உடல் சார்ந்த காரணம் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்றார். உங்கள் கட்டுரையோ அவரையும் தாண்டிப் போய்விட்டது.

ஒரு வேண்டுகோள். இனி இந்தப் பொருளில் எதை வெளியிட்டாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரியும், அரசின் இலவச மனநல உதவி எண் 14416ம் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.